ஒலிம்பிக் ஸ்கேட்போர்டிங்கில் வெல்லும் பெண்கள் ஏன் இத்தனை இளையவர்கள்?

மாடிப்படி (கேள்வி கேட்பவர்)

வணக்கம். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் ஸ்கேட்போர்டிங் பிரிவுகளை முழுமையாகப் பார்த்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை எழுப்புகிறேன். 2021 ஜூலையில் டோக்கியோவில் பெண்கள் ஸ்ட்ரீட் (படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி போன்ற தெருத் தடைகளில் ஆடுவது) பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கும், வெள்ளி வென்ற பிரேசிலின் ராய்சா லியாலுக்கும் வயது 13. வெண்கலம் பெற்ற ஃபுனா நகயாமாவுக்கு 16. அடுத்த வாரம் நடந்த பார்க் (ஆழமான குழிகளும் சரிவுகளும் கொண்ட தளத்தில் ஆடுவது) பிரிவில் சகுரா யோசோசுமி 19 வயதில் தங்கம் வென்றார் என்றாலும், அவருக்கு இரு பக்கமும் நின்றவர்களில் கொகோனா ஹிராகிக்கு 12 வயது, பிரிட்டனின் ஸ்கை பிரவுனுக்கு 13. பாரிஸில் இது இன்னும் விசித்திரமாயிற்று. ஸ்ட்ரீட்டில் கொகோ யோஷிசாவா 14, லிஸ் அகாமா 15, லியால் 16. பார்க்கில் ஆஸ்திரேலியாவின் அரிசா ட்ரூ 14, ஹிராகி 15, பிரவுன் 16. இரண்டு மேடைகளிலும் முதலிடம் தொடங்கி மூன்றாமிடம் வரை வயது ஒரே வரிசையில் அமைந்திருந்தது.

ஆண்கள் பக்கம் இப்படி இல்லை. யூட்டோ ஹொரிகோமே டோக்கியோவில் 22 வயதிலும் பாரிஸில் 25 வயதிலும் தங்கம் வென்றார். பாரிஸில் அவருடன் மேடையேறிய நைஜா ஹஸ்டனுக்கு 29. இரண்டு ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்ற ஆண்களில் மிக இளையவர் டோக்கியோவின் பார்க் வெற்றியாளர் கீகன் பாமர். அவருக்கே அப்போது 18 வயது.

இந்த விளையாட்டில் பெண்களின் எண்ணிக்கை வேகமாகப் பெருகி வருவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பெருகுகிறவர்கள் ஏன் சிறுமிகளாகவே இருக்கிறார்கள்? உடல் எடை குறைவாக இருப்பதுதான் காரணம் என்கிறார்கள் சிலர். பெண்கள் பிரிவில் போட்டி இன்னும் கடுமையாகவில்லை, அதனால்தான் குழந்தைகளால் வெல்ல முடிகிறது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டாவது கருத்தைச் சொல்பவர்களின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை; ஆனால் தொனி பிடிக்கவில்லை என்பதால் கருத்து பொய்யாகிவிடாது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

பழைய தாள்

பதின்மூன்று வயதுப் பெண்கள் ஏன் மேடையில் நிற்கிறார்கள் என்று கேட்பதற்கு முன், முப்பது வயதுப் பெண்கள் ஏன் அங்கே இல்லை என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான விடை கடந்த காலத்தில் இருக்கிறது.

பெண்கள் இந்த விளையாட்டுக்கு நேற்று வந்தவர்கள் அல்லர். கலிஃபோர்னியாவின் பாட்டி மெக்கீ 1964 இல் அமெரிக்கப் பெண்கள் சாம்பியன் ஆனார். 1965 மே மாதம், ஓடும் பலகையின்மேல் தலைகீழாகக் கைகளால் நின்றபடி லைஃப் இதழின் அட்டையில் இடம்பெற்றார். 1975 இல் டெல் மார் நகரில் நடந்த புகழ்பெற்ற போட்டியில் ஸெஃபிர் என்ற ஸ்கேட்போர்டிங் அணியின் ஒரே பெண்ணான பெக்கி ஓகி பெண்கள் ஃப்ரீஸ்டைல் (சமதளத்தில் வித்தைகள் செய்வது) பிரிவை வென்றார். அந்தப் பத்தாண்டில் லாரா தார்ன்ஹில், எலன் ஓநீல் போன்ற பெண்களுக்குப் போட்டிகளும் ஆதரவு நிறுவனங்களும் இதழ்ப் பக்கங்களும் இருந்தன.

அந்தத் தொடர்ச்சி அறுந்தது அதற்குப் பிறகுதான். 1970களின் இறுதியில் அமெரிக்க ஸ்கேட்பார்க்குகள் காப்பீட்டுச் செலவைத் தாங்க முடியாமல் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. விளையாட்டு வீட்டுக் கொல்லைப்புறத்து மரச்சாய்தளங்களுக்கும், பின்னர் நகரத் தெருக்களுக்கும் நகர்ந்தது. யாரோ ஒருவரின் கொல்லைப்புறத்துக்கு அழைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் இரவு நேரத்தில் கடைவீதியின் படிக்கட்டுகளில், காவலரிடம் பிடிபடாமல் பழக வேண்டும். இந்த இரண்டு வழிகளும் இளைஞர் கூட்டத்துக்குத்தான் இயல்பாகத் திறந்தன. காரா-பெத் பர்ன்சைட் 1989 ஆகஸ்டில் த்ராஷர் என்ற ஸ்கேட்போர்டிங் இதழின் அட்டையில் வந்த முதல் பெண். இந்த விளையாட்டு அவருக்குப் பிழைப்பு தராத நிலையில் அவர் பனிச்சறுக்குப் பலகைக்கும் சென்று, 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். த்ராஷர் அட்டையில் அடுத்த பெண்ணாக ஜெய்மி ரெய்ஸ் வந்தது 1994 இல். மூன்றாவதாக லிஸ்ஸி அர்மாண்டோ வந்தது 2017 இல். மாதந்தோறும் வெளிவரும் ஓர் இதழில், ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓர் அட்டையும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

எலிசா ஸ்டீமர் 1998 இல் தொழில்முறை ஸ்கேட்டர் ஆனார். ஒரு நிறுவனம் ஒரு பெண்ணின் பெயரில் ஸ்கேட்போர்டு விற்கும் என்பதே அன்று புதுமை. புகழ்பெற்ற அமெரிக்க ஸ்கேட்டர் டோனி ஹாக் பெயரில் 1999 இல் வெளிவந்த கணினி விளையாட்டில், தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரே பெண் அவர்தான். எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டிகளில் பெண்களுக்கென்று ஸ்கேட்போர்டிங் பிரிவு 2003 இல்தான் வந்தது. 2005 இல் ஆண் வெற்றியாளருக்கு 50,000 டாலரும் பெண் வெற்றியாளருக்கு 2,000 டாலரும் தரப்பட்டன. பர்ன்சைட், மிமி நூப் முதலியோர் ஓர் அமைப்பாகத் திரண்டு, போட்டியைப் புறக்கணிப்போம் என்று அறிவித்துப் போராடிய பிறகே, அந்தப் பத்தாண்டின் இறுதியில் பரிசுத்தொகை சமமாக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பின்னரும் பெண்களுக்கான வெர்ட் (இருபுறமும் செங்குத்தாக உயரும் சாய்தளத்தில் ஆடுவது) பிரிவு நிகழ்ச்சி நிரலிலிருந்தே நீக்கப்பட்டது. பத்தாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு 2023 இல் அது திரும்பி வந்தபோது வென்றவர் அரிசா ட்ரூ. அப்போது அவருக்கு வயது 13. உங்கள் கேள்விக்கான விடையை இந்த ஒரு நிகழ்வே ஏறக்குறைய சொல்லிவிடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் வெர்ட் பழகி, இன்று இருபத்தைந்து வயதில் அவரைத் தோற்கடித்திருக்க வேண்டிய பெண்கள் உருவாகவே வாய்ப்பில்லை.

இனி எதிர்ப்பக்கக் கணக்கு. ராய்சா லியால் நீல நிறத் தேவதை உடை அணிந்து படியிலிருந்து பலகையைச் சுழற்றிக் குதித்த காணொளி 2015 இல் பரவியபோது அவருக்கு ஏழு வயது. அதே ஆண்டு ஸ்ட்ரீட் லீக் என்ற தொழில்முறைப் போட்டித் தொடர் பெண்கள் பிரிவைத் தொடங்கியது. 2016 ஆகஸ்டில் சர்வதேச ஒலிம்பிக் குழு ஸ்கேட்போர்டிங்கை ஏற்றுக்கொண்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம் ஒதுக்கப்பட்டதால், ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனமும் அதுவரை பெண்களுக்காகச் செலவிடாத பணத்தைச் செலவிட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டில் எட்டு வயதில் இருந்தவர்களே தொடக்கம் முதல் பயிற்சி இடமும் பயிற்சியாளரும் பரிசும் முன்மாதிரிப் பெண்களும் ஒருசேரப் பெற்ற முதல் தலைமுறை. எட்டு வயதில் தொடங்கியவர்களுக்கு 2021 இல் பதின்மூன்று வயதாகியிருந்தது. நீங்கள் பார்த்த மேடையின் வயதுக் கணக்கு இதுதான்.

விடுபட்ட தலைமுறையிலிருந்தும் ஒருவர் கிட்டத்தட்ட மேடையேறியிருப்பார். டோக்கியோவின் பெண்கள் ஸ்ட்ரீட்டில் நான்காம் இடம் பெற்ற அலெக்சிஸ் சப்லோனுக்கு அப்போது வயது 34. 2002 இல் வெளியான ஒரு காணொளியில் பதினாறு வயதுப் பெண்ணாக அவர் செய்தவற்றை ஸ்கேட்டர்கள் இன்றும் குறிப்பிடுவார்கள். அவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை முதுகலைப் பட்டம் பெற்றவர். அவருக்குக் கிடைத்த ஒலிம்பிக் வாய்ப்பு, பெரும்பாலான விளையாட்டு வீரர்கள் ஓய்வு பெறும் வயதில் வந்தது.

எலும்பும் தசையும்

மேலே உள்ள வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் உடலை ஒரேயடியாகக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவதை ஏற்க முடியவில்லை. இயன்முறைச் சிகிச்சை என் தொழில். விளையாட்டுக் காயங்களோடு வரும் பதின்வயதினரைத் தொடர்ந்து பார்ப்பவன்.

சிறிய உடல் காற்றில் எளிதாகச் சுழலும். விழும்போது தரையில் மோதும் விசையும் குறைவு. இதனால் ஒரு சுழற்சியைக் கற்றுக்கொள்ளும் காலத்தில், பெரியவர் பத்து முறை விழுந்து நிறுத்திவிடும் நாளில் சிறுமி நாற்பது முறை முயல முடியும். எனினும் சிறிய உடலுக்குக் குறைபாடும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். பார்க் பிரிவின் ஆழமான குழிகளில் வேகம், முழங்காலை மடக்கி நீட்டி உடலைத் தள்ளுவதால் பிறக்கிறது. கால் குட்டையாக இருந்தால் அந்தத் தள்ளலும் குறையும். ஸ்ட்ரீட்டில் கைப்பிடிக் கம்பி பெரியவர்களின் அளவுக்கு அமைந்தது. நான்கரை அடி உயரச் சிறுமி அதன்மேல் பலகையோடு ஏறுவதற்கு, தன் உயரத்தோடு ஒப்பிட்டால் ஆறடி ஆணைவிட அதிகம் எம்ப வேண்டும். ஆகவே எடை குறைவு என்பது மட்டும் விடையாகாது.

ஆனால் பருவமடைந்த பின் நிகழும் மாற்றம் இரு பாலருக்கும் ஒன்றல்ல. ஆண்களுக்குத் தசை வலிமை வேகமாகக் கூடுவதால், பதினான்கு வயதுச் சிறுவனின் சுழற்சித் திறனை இருபத்திரண்டு வயதுக்காரரின் எம்பும் ஆற்றல் வென்றுவிடுகிறது. பெண்களுக்கு அந்த ஈடு அவ்வளவு பெரிதாகக் கிடைப்பதில்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களுக்கு இடையறாத மரபு இருந்தும், 1976 இல் நாடியா கொமனேச்சி 14 வயதில்தான் வென்றார். வயது வரம்பை 16 ஆக்கி 1997 முதல் நடைமுறைப்படுத்தும் அளவுக்கு அங்கே சிறுமிகள் ஆதிக்கம் செலுத்தினார்கள். தலைமுறை விடுபட்டதால் அது நிகழவில்லை.

இன்னொன்று: டோக்கியோவின் தங்கப் பெண் நிஷியாவுக்குப் பாரிஸ் அணியில் இடமே கிடைக்கவில்லை. ஒரு நாட்டிலிருந்து ஒரு பிரிவுக்கு மூவர்தான் செல்ல முடியும் என்பதால், ஜப்பானில் அணிக்குள் நுழைவதே ஒலிம்பிக் இறுதிச் சுற்றைப்போல் கடினம் என்பது உண்மை. இருந்தும், பதினாறு வயதில் ஒரு சாம்பியன் தன் நாட்டு இளையவர்களால் பின்தள்ளப்படும் விளையாட்டில், வயது கூடினால் நிலைமை சீராகிவிடும் என்று உறுதியாகச் சொல்வது எனக்குக் கடினம்.

காயங்களையும் மறக்கக் கூடாது. ஸ்கை பிரவுன் 2020 இல் பயிற்சியின்போது சாய்தளத்திலிருந்து விழுந்து, மண்டையோட்டில் முறிவும் கை முறிவும் அடைந்தார்; அவருக்கு அப்போது 11 வயது. ஓராண்டுக்குச் சற்று அதிகமான இடைவெளியில் அவர் ஒலிம்பிக் வெண்கலம் வென்றதைப் பாராட்டுகிறோம். அதே அளவு அடிபட்டு, அத்தோடு பலகையைத் தொடாமல் போன பிள்ளைகளைப் பற்றி எந்த இதழும் எழுதுவதில்லை.

மாடிப்படி

இருவருக்கும் நன்றி. ஜிம்னாஸ்டிக்ஸ் எடுத்துக்காட்டைத் தொடர்ந்து ஓர் ஐயம். பாரிஸில் சிமோன் பைல்ஸ் 27 வயதிலும் ரெபேகா ஆண்ட்ராடே 25 வயதிலும் தனிநபர் தங்கம் வென்றார்கள். வரம்பு விதி 16 வயதுக்குக் கீழுள்ளவர்களைத்தான் விலக்கியது. அதற்கு மேல் பத்தாண்டு நீடித்து நின்றது அந்தப் பெண்களின் செயல். அப்படியானால் பெண்ணின் உடல் பதினாறுக்குப் பின் இத்தகைய விளையாட்டுக்குப் பொருந்தாது என்ற வாதம் அங்கேயே தளர்ந்துவிடுகிறதே? நீடிப்பதற்கு ஊதியமும் மருத்துவ வசதியும் இடமும் இருந்தால் போதும் என்று கொள்ளலாமா?

கிழக்குக் கடற்கரைச் சாலை

இடம் என்ற சொல்லை எடுத்தீர்கள்; அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பெண்களின் வருகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிமெண்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பழைய தாள் குறிப்பிட்ட மூடல் காலம் முடிவுக்கு வந்ததற்குச் சட்டம் ஒரு காரணம். கலிஃபோர்னியாவில் ஸ்கேட்போர்டிங்கை ஆபத்துள்ள பொழுதுபோக்குகளின் பட்டியலில் சேர்த்து, விழுந்தவர் நகராட்சியின்மேல் வழக்குத் தொடுக்கும் வாய்ப்பைக் குறைக்கும் ஏற்பாடு 1998 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகே நகராட்சிகள் துணிந்து பொதுப் பூங்காக்களில் ஸ்கேட்பார்க் கட்டத் தொடங்கின. பொதுப் பூங்காவுக்கு அம்மாவோடு வரலாம், பகலில் வரலாம், யாருடைய அழைப்பும் வேண்டாம். தெருவில் நள்ளிரவில் பழகிய விளையாட்டு பகல் வெளிச்சத்துக்கு வந்தபோது, ஆறு வயதுப் பெண் குழந்தையும் வரிசையில் நிற்க முடிந்தது.

இந்தியாவில் இந்தச் செயல்முறையைச் சின்ன அளவில் நேரடியாகப் பார்க்கலாம். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் உள்ள ஜன்வார் என்ற சிற்றூரில், உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்ணின் முயற்சியால் 2015 இல் ஒரு ஸ்கேட்பார்க் எழுந்தது. அங்கே இரண்டு விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை; பெண் பிள்ளைகளுக்கே முதல் உரிமை. ஒரு சிறுமி வந்து கேட்டால் சிறுவன் பலகையைக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஊரின் ஆஷா கோண்ட் 2018 இல் சீனாவின் நாஞ்சிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். அவர் அங்கே எத்தனையாவது இடம் பெற்றார் என்பதைவிட, ஆதிவாசிக் குடும்பத்துப் பெண் ஒருவர் அந்தத் தளத்தில் நின்றார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெங்களூருவில் அதிதா வர்கீஸ் 2015 இல் கேர்ள் ஸ்கேட் இந்தியா என்ற முயற்சியைத் தொடங்கி, பெண்கள் ஒருவருக்கொருவர் கற்றுத்தரும் வழியை உண்டாக்கினார். நம் மாமல்லபுரத்தின் கமலி மூர்த்தி வெறுங்காலோடு, கவுனோடு சாய்தளத்தில் இறங்கிய படம் டோனி ஹாக் வழியாக உலகெங்கும் சென்றது. அவரைப் பற்றிய குறும்படம் பிரிட்டிஷ் பாஃப்டா விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

இந்த மூன்று இடங்களிலும் முதலில் இருந்தது ஏறி இறங்கத் தகுந்த ஒரு தளம். தமிழ்நாட்டு நகரங்களில் பிள்ளைகளை ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் ஏராளம். காலணியில் சக்கரம் பூட்டிய அந்த விளையாட்டுக்குச் சமதளம் போதும். ஸ்கேட்போர்டுக்குக் குழியும் சரிவும் விளிம்பும் வேண்டும், அதைக் கட்டத் தெரிந்த கைகளும் வேண்டும். கொத்தனார் வழக்கமாகப் பூசும் சொரசொரப்பான தரையில் சக்கரம் ஓடாது; வளைவில் அரை அங்குலம் பிசகினாலும் ஆள் தூக்கியெறியப்படுவார். இதையெல்லாம் செய்து முடித்த ஊரில்தான், பெண்கள் ஏன் வருவதில்லை என்ற கேள்வியைக் கேட்கவே உரிமை உண்டு.

எலும்பும் தசையும் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்களில் பெண் பிள்ளைகள் பதினான்கு, பதினைந்து வயதில் விளையாட்டை விடுவது உடல் சுழலாமல் போவதால் அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். வெளியில் விழுந்து முட்டி உரிந்து வருவதை வீடு அனுமதிக்கும் வயது முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எலும்பும் தசையும்

அந்தக் கடைசிக் கருத்து சரியானது. அதை என் வாதத்தோடு சேர்த்துக்கொள்கிறேன். மாடிப்படி கேட்டதற்கு என் விடை: ஊதியமும் மருத்துவமும் கிடைத்தால் பெண்கள் நீண்ட காலம் நிலைப்பார்கள் என்பது ஜிம்னாஸ்டிக்ஸில் தெளிவாகிவிட்டது. ஆனால் அங்கே தரை நுரைமெத்தை, இங்கே கான்கிரீட். பத்தாண்டுக் கான்கிரீட்டைத் தாங்கிய கணுக்கால்கள் பெண்கள் பிரிவில் எத்தனை இருக்கும் என்பதை நாம் இன்னும் காணவில்லை, ஏனெனில் அத்தனை ஆண்டு முழுநேரமாக ஆட அவர்களில் மிகச் சிலருக்கே வாய்ப்புக் கிடைத்தது. இந்த இடத்தில் பழைய தாளின் வாதமும் என் வாதமும் ஒன்றையொன்று வெட்டவில்லை.

பழைய தாள்

கான்கிரீட்டைத் தாங்கிய ஆண்களைப் பார்த்தாவது ஓர் ஊகத்துக்கு வரலாம். டோக்கியோவின் ஆண்கள் பார்க் பிரிவில் டென்மார்க்கின் ரூன் கிளிஃப்பர்க்கும் தென்னாப்பிரிக்காவின் டாலஸ் ஓபர்ஹோல்ஸரும் 46 வயதில் ஆடினார்கள். பாரிஸில் பிரிட்டனின் ஆண்டி மெக்டொனால்ட் 51 வயதில் ஆடினார். பதக்கம் பெறவில்லை என்றாலும், முப்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆடுவதற்கு அவர்களுக்கு ஆதரவு நிறுவனமும் கூட்டாளிகளும் இருந்தார்கள் என்பதற்கு அவர்களே சான்று. அவர்கள் வயதுப் பெண்களில் ஒருவரும் அங்கே இல்லாததற்குக் கணுக்காலைக் காரணமாகக் காட்ட முடியாது.

தரம் குறைவு என்ற பேச்சுக்கும் ஒரு விடை சொல்லிவிடுகிறேன். டோனி ஹாக் 900 பாகைச் சுழற்சியை (காற்றில் இரண்டரைச் சுற்று) முதன்முதலில் 1999 இல் செய்தார். ஒரு பெண் அதைச் செய்தது 2024 மே மாதம். அவர் அரிசா ட்ரூ, வயது 14. ஹாக் அதைச் செய்தபோது அவருக்கு 31. முந்தைய ஆண்டுதான் போட்டியில் 720 பாகைச் சுழற்சி செய்த முதல் பெண் என்ற பெயரையும் ட்ரூ பெற்றிருந்தார். பாரிஸ் பார்க் இறுதிச்சுற்றில் முதல் மூவரின் புள்ளிகள் 93.18, 92.63, 92.31. ஒரு புள்ளிக்குள் மூன்று பதக்கங்களும் அடங்கிய போட்டியைக் கடுமையற்ற போட்டி என்று சொல்பவர்கள் அதைப் பார்க்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். ஸ்கேட்போர்டிங்கில் பெருமை போட்டிகளால் மட்டும் வருவதில்லை. தெருவில் மாதக்கணக்கில் படமாக்கிய காணொளிகளுக்குத்தான் ஸ்கேட்டர்களிடையே மதிப்பு அதிகம். த்ராஷர் 1990 முதல் அளித்துவரும் ஆண்டின் சிறந்த ஸ்கேட்டர் பட்டம் 2023 வரை ஒரு பெண்ணுக்கும் கிடைத்ததில்லை. ஒலிம்பிக் திறந்த கதவு அந்த உலகத்தை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

மாடிப்படி

எனக்குக் கிடைத்த தெளிவை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: 2028 இல் லாஸ் ஏஞ்சலஸ் போட்டிகள் நடக்கும்போது லியாலுக்கும் பிரவுனுக்கும் 20 வயது, ஹிராகிக்கு 19, யோஷிசாவாவுக்கும் ட்ரூவுக்கும் 18. பழைய தாள் சொல்வது சரியென்றால் இந்தப் பெயர்களே மீண்டும் மேடையில் இருக்க வேண்டும். எலும்பும் தசையும் அஞ்சுவது சரியென்றால் நாம் இதுவரை கேள்விப்படாத பதின்மூன்று வயதுப் பெயர்கள் வந்திருக்கும்.

எலும்பும் தசையும்

மேடையை மட்டும் பார்க்காதீர்கள். பாரிஸில் ஒவ்வொரு பிரிவிலும் 22 பேர் ஆடினார்கள். முதல் மூன்று இடங்களை ஒரு மேதை மாற்றிவிட முடியும். பத்தாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் இடையில் இருபத்தைந்து வயதைக் கடந்த பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண் கூடியிருந்தால் நான் பழைய தாளின் பக்கம் வந்துவிடுகிறேன்.